அம்மா செஞ்சா பாசம், ஆள் செஞ்சா சம்பளம்: 2020-ல மாறுன ஒரு விதி

இன்னைக்கு எபிசோட் அமெரிக்காவைப் பத்தி. ஆனா தேர்தல், வெள்ளை மாளிகை எதுவும் இல்லை. ஒரு வீட்டுப் படுக்கையறைதான் நம்ம களம்.

எழுந்து உட்கார முடியாத ஒரு குழந்தைன்னு வைங்க. குளிப்பாட்டணும், உடை மாத்தணும், ராத்திரி எழுந்து புரட்டிப் படுக்க வைக்கணும். வெளியில இருந்து ஒருத்தர் வந்து இதைச் செஞ்சா, அரசு அவருக்கு மணிக் கணக்குல சம்பளம் கொடுக்கும். அதே வேலையை அம்மா செஞ்சா, பெரும்பாலான மாநிலங்கள்ல ஒரு டாலர்கூட கிடையாது. 2020 வரைக்கும் இதுதான் நிலைமை. அந்த வருஷம் பல மாநிலங்கள் சில வாரங்களுக்குள்ள இதை மாத்துனாங்க. கொரோனா முடிஞ்சதும் அதுல சில மாநிலங்கள் பழையபடி கையை இழுத்துக்கிட்டாங்க.

இந்தக் கதை ஏன் முக்கியம்னா, "விதி இடம் கொடுக்கலை"ன்னு ஒரு அரசு சொல்லும்போது, அது நிஜமாவே முடியாததா, இல்லை யாரோ எடுத்த முடிவாங்கிற கேள்விக்கு இது நல்ல உதாரணம். கொஞ்சம் பின்னாடி போவோம்.

சட்டத்துக்கு வெளியே ஒரு வேலை

1938. ரூஸ்வெல்ட் காலம். அமெரிக்கா முழுமைக்கும் குறைந்தபட்சக் கூலி, ஓவர்டைம் சட்டம் வருது. வீட்டு வேலை செய்றவங்க அதுக்குள்ள வரலை. அந்த வேலையில இருந்தவங்கள்ல கருப்பினப் பெண்கள் ஏராளம். அவங்களைச் சட்டத்துக்குள்ள கொண்டுவர 36 வருஷம் ஆச்சு. 1974-ல நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்துச்சு, ஆனா அதுலயும் ஒரு ஓட்டை வெச்சாங்க. முதியவங்களுக்கோ உடல்நலம் இல்லாதவங்களுக்கோ "துணையா இருக்கிறவங்க" இந்தச் சட்டத்துல சேர மாட்டாங்க.

பக்கத்து வீட்டுப் பெண் சாயங்காலம் வந்து பாட்டியோட பேசிக்கிட்டு இருக்கிறதை மனசுல வெச்சு எழுதுன வரி மாதிரி இருக்கு, இல்லையா? ஆனா அடுத்த வருஷமே தொழிலாளர் துறை எழுதுன விதிகள், ஏஜென்சி மூலமா முழுநேரமா வேலை பார்க்கிறவங்களையும் இந்த ஓட்டைக்குள்ள தள்ளிடுச்சு.

ஈவ்லின் கோக்னு ஒருத்தர். ஜமைக்காவுல பிறந்து நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில வீட்டுப் பராமரிப்பு வேலை பார்த்தவர். ஓவர்டைம் கேட்டு 2002-ல வழக்குப் போட்டார். 2007-ல உச்ச நீதிமன்றம் 9-0ன்னு அவருக்கு எதிரா தீர்ப்புச் சொல்லிடுச்சு. துறை எழுதுன விதி செல்லும், அவ்வளவுதான். 2009-ல அவர் இறந்துட்டார். 2013-ல ஒபாமா அரசு அந்த விதியை மாத்தி எழுதுச்சு. நீதிமன்றத்துல இழுபறிக்கு அப்புறம் 2015-லதான் அது நடைமுறைக்கு வந்துச்சு. ஏறக்குறைய 20 லட்சம் பேருக்கு இதனால பாதுகாப்பு கிடைக்கும்னு அரசே கணக்குச் சொன்னது.

காசு கட்டடத்துக்கு, ஆளுக்கு இல்லை

இது வேலை செய்றவங்க பக்கம். இப்போ பணம் எங்க இருந்து வருதுன்னு பார்ப்போம்.

மெடிகெய்ட்னு ஒரு திட்டம். 1965-ல வந்தது. குறைஞ்ச வருமானம் உள்ளவங்க, ஊனமுற்றவங்களோட மருத்துவச் செலவுக்கு மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து பணம் போடுற ஏற்பாடு. இதுல ஒரு சாய்வு ஆரம்பத்துல இருந்தே இருக்கு. நர்சிங் ஹோம்ல சேர்த்தா மாநிலம் கட்டாயம் பணம் கொடுக்கணும். வீட்டுல வெச்சுப் பார்க்கிற சேவைகள் பெரும்பாலும் மாநிலத்தோட விருப்பம்.

1981-ல இது ஒரு குழந்தையால தலைப்புச் செய்தி ஆச்சு. அயோவா மாநிலத்துல கேட்டி பெக்கெட், 3 வயசு. வீட்டுக்குப் போகலாம்னு மருத்துவர்கள் சொல்லியும் மருத்துவமனையிலேயே இருந்தா. வீட்டுல பார்த்தா செலவு பல மடங்கு குறைவு, ஆனா வீட்டுக்குப் போனா மெடிகெய்ட் போயிடும். அதிபர் ரீகனே செய்தியாளர் சந்திப்புல இதைச் சொல்லி அதிகாரிகளைக் கிண்டல் பண்ணினார். கேட்டி அந்த வருஷமே வீட்டுக்குப் போனா. அதே வருஷம்தான் மாநிலங்கள் அனுமதி வாங்கி வீட்டுப் பராமரிப்புக்குப் பணம் கொடுக்க வழி செய்ற "வெய்வர்" திட்டமும் சட்டமாச்சு. ஆனா வெய்வர்ல இடங்களுக்கு மாநிலம் உச்சவரம்பு வைக்கலாம். அதனாலதான் 2023-லகூட கிட்டத்தட்ட 7 லட்சம் பேர் காத்திருப்புப் பட்டியல்ல இருந்தாங்க.

குடும்பத்துக்குச் சம்பளம் விஷயத்துல கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலங்கள் முன்னாடியே கொஞ்சம் தாராளம். மத்த பல இடங்கள்ல கணவன், மனைவி, சின்னக் குழந்தையோட பெற்றோர் இவங்களுக்குக் கொடுக்கக் கூடாதுங்கிறதுதான் வழக்கம். அவங்க பார்க்கிறது கடமைன்னு வாதம்.

2020: ஸ்விட்சைப் போட்டாங்க

பிப்ரவரி கடைசி. வாஷிங்டன் மாநிலத்துல கிர்க்லண்ட் ஊர்ல இருக்கிற ஒரு நர்சிங் ஹோம்ல கொரோனா பரவி, முதியவங்க வரிசையா இறந்துபோறாங்க. ஒரே வாரத்துல எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு, இப்போ கட்டடத்தை விட வீடு பாதுகாப்பு. ஆனா வீட்டுக்கு வர்ற பணியாளருக்கும் காய்ச்சல். அவங்க பிள்ளைங்களுக்கும் பள்ளிக்கூடம் இல்லை. யார் வருவா?

இங்கதான் "அப்பெண்டிக்ஸ் கே"ன்னு ஒரு படிவம் வருது. புயல், வெள்ளம் மாதிரி அவசர காலத்துக்காக முன்னாடியே தயாரா இருந்த ஒரு இணைப்பு. மாநிலம் இதை நிரப்பி அனுப்பினா, வெய்வர் விதிகளைத் தற்காலிகமா தளர்த்தலாம். பல மாநிலங்கள் அனுப்பின. வீட்டுக்கு நேர்ல வந்து செய்ற மதிப்பீட்டை போன்லயோ வீடியோவுலயோ செய்யலாம். பயிற்சிக் கெடுவைத் தள்ளிப்போடலாம். குடும்பத்துக்காரங்களுக்கே, சில இடங்கள்ல பெற்றோருக்கும் துணைக்கும்கூட, சம்பளம் கொடுக்கலாம்.

நம்ம பாஷையில சொன்னா இது ஃபீச்சர் ஃப்ளாக். கோட் ஏற்கெனவே உள்ள இருந்துச்சு, ஸ்விட்சைப் போட்டதும் ஓடுச்சு. பல வருஷமா "முடியாது"ன்னு சொன்ன அதே அமைப்புதான்.

அதே மாசத்துல இதுக்கு நேர் எதிரா இன்னொன்னும் நடந்துச்சு. மார்ச் 18-ல கொரோனாவுக்காகச் சம்பளத்தோட விடுப்பு தர்ற சட்டம் வந்தது. ஆனா "சுகாதாரச் சேவை தர்றவங்களுக்கு" முதலாளி அதை மறுக்கலாம். தொழிலாளர் துறை அந்தச் சொல்லுக்குக் கொடுத்த விளக்கம் எவ்வளவு அகலம்னா, மருத்துவக் கல்லூரி இருக்கிற பல்கலைக்கழகத்தோட ஆங்கிலப் பேராசிரியரும் கேன்டீன் மேலாளரும்கூட அதுக்குள்ள வந்துடுவாங்க. இதைச் சுட்டிக்காட்டித்தான் ஆகஸ்ட்ல நியூயார்க் நீதிமன்றம் அந்த விளக்கத்தை ரத்து பண்ணுச்சு. அந்த விளக்கத்தால வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்களுக்கும் விடுப்பை மறுக்க வழி இருந்துச்சு. 1974-ல "நீங்க சும்மா துணைக்கு இருக்கிறவங்க"ன்னு ஓவர்டைம் கிடையாது. 2020-ல "நீங்க முக்கியமான சுகாதாரப் பணியாளர்"ன்னு விடுப்பு கிடையாது. பேர் மாறுச்சு, கிடைச்சது அதேதான்.

ஸ்விட்சை அணைச்சாங்க

2021-ல பைடன் அரசு வீட்டுப் பராமரிப்புக்கு 40,000 கோடி டாலர் கேட்டுச்சு. கீழவையில நிறைவேறின மசோதாவுல அது 15,000 கோடி ஆச்சு. கடைசியா 2022-ல சட்டமானப்போ பூஜ்யம்.

2023 மே 11-ல அவசரநிலை முடிஞ்சது. அப்பெண்டிக்ஸ் கே தளர்வுகளுக்கு நவம்பர் 11 வரைக்கும் கெடு. ஒவ்வொரு மாநிலமும் முடிவெடுக்கணும்: நிரந்தரமாக்கப் போறோமா, விட்டுடப் போறோமா?

அரிசோனா பெற்றோர் சம்பளத்தை நிரந்தரமாக்குச்சு. இண்டியானாவுல வேற கதை. 2023 டிசம்பர்ல, மெடிகெய்ட் செலவுக் கணிப்புல கிட்டத்தட்ட 100 கோடி டாலர் துண்டு விழுதுன்னு தெரிய வந்துச்சு. அடுத்த மாசமே, பெற்றோருக்கான மணிக்கணக்குச் சம்பளத்தை நிறுத்துறோம்னு அறிவிப்பு. ஜூலை 1 முதல் அவங்க நாள் கணக்குல ஒரு தொகை தர்ற வேறொரு திட்டத்துக்கு மாறணும். வேலையை விட்டுட்டுப் பிள்ளையைப் பார்க்க உட்கார்ந்த பெற்றோர் குழந்தைகளோட சட்டமன்றத்துக்கே வந்து நின்னாங்க.

அரசு பக்கத்துலயும் நியாயம் இருக்கு. இலவசமா நடந்துக்கிட்டு இருந்த வேலைக்குச் சம்பளம்னு சொன்னா, கேட்கிறவங்க எண்ணிக்கை கூடும். அரிசோனாவே 2025-ல ஊனமுற்றோர் சேவைக்கு நிதி தீர்ந்துபோற நிலைக்கு வந்து, சட்டமன்றம் அவசரமா பணம் ஒதுக்க வேண்டியதாச்சு. பெத்தவங்களே பணியாளர்னா, வேலை ஒழுங்கா நடக்குதான்னு யார் பார்க்கிறதுங்கிற கேள்வியும் இருக்கு.

ஆனா இந்த வாதம் எதுவும் "அம்மா செய்றது வேலை இல்லை"ன்னு நிரூபிக்கலை. செலவு கூடும்னு சொல்லும்போதே, இவ்வளவு நாள் அந்தச் செலவை யாரோ தாங்கிக்கிட்டு இருந்தாங்கன்னு ஒத்துக்கிறோம். சம்பளம் நின்ன அன்னைக்கும் ராத்திரி எழுந்து குழந்தையைப் புரட்டிப் படுக்க வைக்க அதே அம்மாதான் இருந்தாங்க.

என் பார்வையில கொரோனா காலம் காட்டின விஷயம் இதுதான்: சட்டத்துல நடக்காதுன்னு சொன்னது நடந்துச்சு. ஆனா அவசரத்துல கிடைச்சது உரிமையா மாறலை. சலுகையா வந்தது, ஒரு கணக்குப் பிழையில போயிடுச்சு. தற்காலிகமா போட்ட பேட்சை யாராவது உட்கார்ந்து மெயின் கோட்ல சேர்க்கலைன்னா, அடுத்த ரிலீஸ்ல அது காணாமப் போகும்.

இது முடிஞ்ச கதையும் இல்லை. 2025 ஜூலையில அமெரிக்கத் தொழிலாளர் துறை, ஈவ்லின் கோக்குக்கு அப்புறம் வந்த அந்த 2013 விதியைத் திரும்ப எடுக்கணும்னு ஒரு முன்மொழிவு வெளியிட்டது. "துணை"ங்கிற அந்த 1974-ம் வருஷத்து வார்த்தை மறுபடியும் மேசைக்கு வந்திருக்கு.