ரொறன்ரோவுக்கு வந்த இலங்கைத் தேயிலை



கடந்த கோடையில் என் மகள் என்னை நகர மையத்தில் உள்ள கடை ஒன்றுக்கு அழைத்துச் சென்றாள். பியர் ஊற்றுவது போன்ற குழாயிலிருந்து உயரமான கிளாஸில் குளிர்ந்த தேத்தண்ணி வந்தது. பாலும் இல்லை, சீனியும் இல்லை. ஆனால் மேலே பால்போல நுரை. "அப்பா, இது நைதரசன் தேநீர்" என்றாள். குடித்துப் பார்த்தேன். கசப்பே இல்லை. எந்த நாட்டுத் தேயிலை என்று கடைக்காரப் பையனிடம் கேட்டேன். "சிலோன்" என்றான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இதைத் தயாரிக்கும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தேயிலையைக் குளிர்ந்த நீரில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வைக்கிறார்கள். குளிர்நீரில் கசப்பும் துவர்ப்பும் குறைவாகவே இறங்கும். வடித்த சாயத்தை உருக்குப் பீப்பாவில் நிரப்பி நைதரசனை அழுத்தத்துடன் செலுத்துகிறார்கள். சோடாவில் உள்ள காபனீரொட்சைட்டு நீரில் நன்றாகக் கரைந்து சற்றுப் புளிப்பூட்டும். நைதரசன் மிகக் குறைவாகவே கரையும். குழாயில் உள்ள நுண்துளைத் தட்டினூடாக வெளியேறும்போது அது சிறு குமிழிகளாகப் பிரிந்து நுரையாகிறது. கின்னஸ் நிறுவனம் 1959 இல் பியருக்குக் கையாண்ட முறை இது. 2010களில் அமெரிக்கக் கோப்பிக் கடைகள் இதை எடுத்துக்கொண்டன. பின்னர் தேநீருக்கும் வந்தது. நாங்கள் இழுத்து ஆற்றும் தேத்தண்ணியில் நுரையை எழுப்புவதும் காற்றுத்தான். அதில் 78 வீதம் நைதரசன்!

இந்த நகரத்துக்கு இலங்கைத் தேயிலை புதிதல்ல. 1892 இல் பீற்றர் லார்க்கின் என்ற வியாபாரி ரொறன்ரோவில் 'சலாடா' தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். திறந்த பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்து விற்ற காலத்தில், ஈரமும் காற்றும் புகாதபடி உலோகத்தாள் பொதிகளில் அடைத்து விற்றார். சீன, யப்பான் தேயிலைக்குப் பழகிய கனடியர்களிடம் இலங்கைத் தேயிலையைக் கொண்டுசேர்த்தார். 1922 இல் லண்டனில் கனடாவின் உயர் ஸ்தானிகராகவும் ஆனார்.

அந்தத் தேயிலையைப் பறித்தவர்கள் யார்? 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்கு அருகே லூல்கந்துரா தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழிக்க, மலைகள் தேயிலைக்கு மாறின. உழைத்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட எங்கள் சனங்கள். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிக் காடுகளினூடே நடந்தவர்களில் பலர் கொலராவிலும் பசியிலும் வழியிலேயே மடிந்தார்கள். மற்றவர்களுக்கு லயன் அறைகளே வீடாயின.

1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் அவர்களில் ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். 1964 இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த நான் நாளுக்கு நாலு தரம் தேத்தண்ணி குடித்தவன். ஒரு தோட்டத்தையும் போய்ப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் மலையகச் சிறுமி ஒருத்தி வேலைக்கு நின்றாள். தேத்தண்ணி போட்டுத் தருபவளும் அவள்தான். அவள் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தாள் என்று நானோ வீட்டில் மற்றவர்களோ ஒருநாளும் கேட்டதில்லை.

கடையில் "சிலோன்" என்றபோது எனக்கு வந்த பெருமை உண்மையில் அவளுடைய ஆட்களுக்கு உரியது. வீடு திரும்பும்போது மகளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். நீங்களும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.