மினார்ஸ்கி வைத்த சல்யூட்

1944 ஜூன் 12 இரவு. இங்கிலாந்தின் மிடில்டன் செயின்ட் ஜார்ஜ் தளத்திலிருந்து கனடிய விமானப்படையின் 419ஆவது பிரிவைச் சேர்ந்த லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் ஒன்று ஏழு பேருடன் கிளம்பியது. நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஜெர்மானியர் ரயிலில் துருப்புகளைக் கொண்டுவந்து குவிக்காதபடி, பிரான்சின் காம்ப்ரே ரயில் யார்டைத் தகர்க்க வேண்டும்.

விமானத்தின் முதுகில் இருந்த துப்பாக்கிக் கூண்டில் ஆண்ட்ரூ மினார்ஸ்கி. போலந்திலிருந்து வந்து கனடாவின் வின்னிபெக் நகரில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. படையில் சேருமுன் தோல் வெட்டும் தொழிலாளி. வால் நுனிக் கூண்டில் அவருடைய நண்பர் பாட் பிராஃபி.

வால் கூண்டுக்காரரின் பாடு தனி. உட்காரத்தான் அங்கே இடம். பாராசூட்கூட வெளியே, விமானத்தின் உடற்பகுதியில்தான் இருக்கும். ஆபத்து என்றால் கதவைத் திறந்து அதை எடுத்து மாட்டிக்கொண்டு, கூண்டைப் பக்கவாட்டில் திருப்பி, மல்லாக்க வெளியே விழ வேண்டும். கூண்டைத் திருப்பும் விசையோ எஞ்சினிலிருந்து வரும் எண்ணெய் அழுத்தம்.

நள்ளிரவுக்குப் பின் ஜெர்மானியப் போர் விமானம் தாக்கியதில் இடப்பக்க எஞ்சின்கள் இரண்டும் நின்றன. உள்ளே தீ. குதிக்கச் சொல்லி விமானி உத்தரவிட்டார். பிராஃபியின் கூண்டு பாதியில் சிக்கியது. கையால் சுற்றும் பிடியும் உடைந்தது.

வெளியேறும் வாசலுக்கு வந்துவிட்ட மினார்ஸ்கி அதைப் பார்த்தார். எரியும் எண்ணெய்க்குள் தவழ்ந்து போய்க் கோடரியால் கூண்டை நெம்பினார். அசையவில்லை. அதற்குள் அவருடைய உடையும் பாராசூட்டும் பற்றிக்கொண்டன. போய்விடும்படி பிராஃபி கை காட்டினார். மினார்ஸ்கி முதுகைக் காட்டாமல் பின்னோக்கித் தவழ்ந்து வாசலுக்குத் திரும்பினார். எழுந்து நின்று நண்பருக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுக் குதித்தார். கீழே பிரெஞ்சுக்காரர்கள் அவரைக் கண்டெடுத்தார்கள். தீக்காயத்தால் இறந்தபோது வயது 27. அடக்கம் செய்தது மெஹாரிகூர் ஊர்க் கல்லறையில்.

பிராஃபி சாகவில்லை. ஓட்ட ஆளில்லாத விமானம் தரையில் மோதி மரத்தில் இடித்தபோது, வால் கூண்டிலிருந்து அவர் தூக்கியெறியப்பட்டார். மற்ற ஐவரும் தப்பினார்கள். அந்தத் தீக்குள் நடந்ததைக் கண்டவர் பிராஃபி ஒருவர்தான். அவர் சொன்ன பிறகே விமானி பரிந்துரை எழுதினார். 1946 அக்டோபரில் மினார்ஸ்கிக்கு மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது.

மினார்ஸ்கியின் பிரிவும் அடங்கிய பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையான பாம்பர் கமாண்டில் பறந்தவர்கள் ஏறத்தாழ 1,25,000 பேர். அவர்களில் இறந்தவர்கள் 55,573. ஏழு பேரோடும் எரிந்து விழுந்த விமானங்கள் ஏராளம். அவற்றுக்குள் யார் யாருக்காகத் திரும்பிப் போனார்கள் என்று சொல்ல ஒரு பிராஃபி மிஞ்சவில்லை. கல்லறையே இல்லாத விமானப்படையினர் 20,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் லண்டனுக்கு அருகே ரன்னிமீட் நினைவகத்தில் பொறிக்கப்பட்டுள்ளன.

மினார்ஸ்கிக்கோ வின்னிபெக்கில் அவர் பெயரில் பள்ளிக்கூடம் உண்டு. அவர் கிளம்பிய இங்கிலாந்துத் தளத்தில் 2005இல் சிலை எழுந்தது; வட்டாரச் செய்தித்தாள் ஒன்று வாசகர்களிடம் நிதி திரட்டி வைத்தது. கனடாவின் ஹாமில்டன் அருங்காட்சியகத்தில் உள்ள லங்காஸ்டர், அவருடைய விமானத்தின் அடையாள எழுத்துகளைத் தாங்கியிருக்கிறது. 2014இல் அது அட்லாண்டிக்கைக் கடந்து இங்கிலாந்து போய், பறக்கும் நிலையில் உலகில் எஞ்சியிருந்த ஒரே இன்னொரு லங்காஸ்டருடன் சேர்ந்து பறந்தது.