மலைநாட்டுப் படங்களில் பெயரற்ற முகங்கள்



பழைய கேமராக்களையும், கண்ணாடித் தகடுகளையும், புகைப்பட நிலையங்களின் விலைப்பட்டியல்களையும் தேடிச் சேர்ப்போர் உளர். அவை வெறும் விநோதப் பொருள்கள் அல்ல. ஊவாத் தோட்டங்களின் வரலாற்றுக்குச் சான்றுகளாகும்.

1851-இல் பிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட முறைப்படி, தகட்டில் பூசிய மருந்து உலருமுன்னரே படமெடுத்துக் கழுவுதல் வேண்டும். ஆகவே, இருட்டுக் கூடாரத்தையும் மருந்துப் புட்டிகளையும் மலைமீது சுமந்து செல்ல நேர்ந்தது. உலர்தகடு வந்த பின்னரே அச்சுமை குறைந்தது. பதுளைக்கு இரயில் வந்ததோ 1924-இல்தான்.

கொழும்பில் ஸ்கீன் நிலையமும் கண்டியில் ஸ்கோவன் நிலையமும் தோட்டக் காட்சிகளைப் படமாக்கி விற்றன. துரைமாரின் பெயர்கள் நூல்களில் பொறிக்கப்பட்டன. கொழுந்து பறித்தவளோ ‘தமிழ்ப் பெண்’ என்ற அளவிலேயே நின்றாள்.

1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ, பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டில் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. அதைக் காட்ட இயலாமல் நாடற்றவராயினோர் இலட்சக்கணக்கானோர். புகைப்படம் பிறப்புச் சான்றிதழ் ஆகாது. எனினும், பெயரும் ஆண்டும் எழுதிய படம் ஒரு குடும்பத்தின் நினைவுக்கு ஊன்றுகோலாகும்.

மலைநாட்டின் ஈரக் காற்றில் லென்சிலும் தகட்டிலும் பூஞ்சணம் பற்றும். அவற்றை உலர்ந்த இடத்தில் வைப்பது சேகரிப்போர் கடன். அதனினும் பெரிய கடன் ஒன்றுண்டு: லயத்து முதியோரிடம் படத்தைக் காட்டி, அவர்கள் அடையாளங் கூறும் பெயரையும் தோட்டத்தையும் அதன் பின்புறத்தில் பென்சிலால் குறித்து வைப்பதே அது. கேமராவை நாளையும் வாங்கலாம். அம்முகங்களை அறிந்தோர் நாளை இருப்பரோ?