ஏரியும் கணக்கும்

காட்டுமன்னார்கோயிலிலிருந்து சேத்தியாத்தோப்புக்குச் செல்லும் சாலையில் பயணம் செய்தவர்கள் வீராணத்தின் கரையை அறிவர். வழிநெடுக ஒருபுறம் கரை உடன்வரும். மறுபுறம் வயல்கள் தாழ்ந்து கிடக்கும். வீராணம் என்றதும் நம் வட்டத்துக் கவிஞர் பெருமக்களுக்கு ஆடிப்பெருக்கும் கல்கியின் வந்தியத்தேவனும் நினைவுக்கு வருவது இயல்பே. நானும் அவ்வாறே அந்த ஏரியை முதலில் அறிந்தேன். இக்கட்டுரை அதனை வேறொரு கோணத்தில் காண முயல்கிறது. இந்த ஏரியின் பெயரால் ஆண்டவர்கள், கட்டியவர்கள், திட்டமிட்டவர்கள் ஆகியோர் யாருக்குக் கணக்குக் காட்டினர் என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

வீரநாராயணன் என்பது முதற் பராந்தகனின் விருதுப்பெயர். அவன் ஆட்சிக்காலம் கி.பி. 907 முதல் 955 வரை. திருமுனைப்பாடி நாட்டில் படையோடு தங்கியிருந்த அவன் மகன் இராசாதித்தன், வாளேந்திய வீரரைக் கொண்டே இவ்வேரியை வெட்டுவித்தான் என்பது வழிவழி வரும் செய்தி. அந்த இளவரசன் 949இல் தக்கோலப் போரில் மாண்டான். தந்தையின் பெயரால் ஏரி நின்றது. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்ற ஊரும் நின்றது. அதுவே இன்றைய காட்டுமன்னார்கோயில். திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊர் இது. திருமுறைகளைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பியின் திருநாரையூரும் அருகிலேயே உள்ளது. ஒரே ஏரிப்புறம் சைவத்துக்கும் வைணவத்துக்கும் ஒவ்வொரு தொகுப்பாளரைத் தந்தது என்பதில் நம்மூரார்க்கு ஒரு பெருமிதம் உண்டு. அதனை மறைப்பானேன்?

இதே பராந்தகனின் காலத்தில்தான் தொண்டை நாட்டு உத்திரமேரூரில் புகழ்பெற்ற அந்த இரு கல்வெட்டுகளும் பொறிக்கப்பட்டன. அவை அவனது 12, 14ஆம் ஆட்சியாண்டுகளுக்கு, அதாவது 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. முப்பது குடும்புகள், குடவோலை, ஓலையை எடுத்துத் தரும் சிறுவன் என்ற செய்திகளைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். மேடைகளில் அவை பலமுறை ஒலித்துள்ளன. மேடைகளில் அதிகம் ஒலிக்காத பகுதியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏரி வாரியத்துக்கு அறுவர், பதவிக்காலம் ஓராண்டு. முந்தைய மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவர் மீண்டும் வர இயலாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடவே கூடாது. அவர் மட்டுமன்று, அவருடைய நெருங்கிய உறவினர் பெயர்களும் விலக்கப்படும். தாய்வழி, தந்தைவழி, மணவழி உறவுகளைச் சாசனம் வரிசையாக எண்ணிச் சொல்கிறது. தான் விலகி மைத்துனனை அமர்த்தும் தந்திரத்தைப் பத்தாம் நூற்றாண்டுக்காரர்களே அறிந்திருந்தார்கள் என்று என் மாணவர்களிடம் சொல்லும்போது வகுப்பில் சிரிப்பு எழும்.

இதனை மிகைப்படுத்திவிடலும் தகாது. அந்தக் குடத்தில் ஓலை இடப்பட்டவர்கள் நிலமும் வீடும் வேதக் கல்வியும் உடைய ஆடவர். உழுதவன் பெயர் அதில் இல்லை. நாற்று நட்டவள் பெயர் இருக்கவே முடியாது. ஆயினும் ஒன்று மட்டும் மெய். கணக்குக் கேட்டவர்களும் காட்டியவர்களும் ஒரே ஏரியின் நீரை உண்டவர்கள். கணக்கு ஊருக்குள்ளேயே சுற்றியது.

நம் காட்டுமன்னார்கோயிலுக்கும் கணக்குத் தீர்த்த ஒரு சாசனம் உண்டு. உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் சொத்துகளோடு அவர்தம் உறவினர் சொத்துகளையும் பறிமுதல் செய்வது பற்றி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு மன்னன் விடுத்த ஆணையை அது கூறுகிறது. குற்றவாளிகளுள் பிரமாதிராசன் என்ற அதிகாரப் பட்டம் பெற்றவர்களும் இருந்தனர். கொலை வழக்கின் மர்மம் பற்றி நாவல் வாசகர்கள் நெடுநேரம் பேசுவர். அதிகாரிகளின் சொத்துக் கணக்கை ஊர்ச்சபையைக் கொண்டே தீர்த்தது பற்றிப் பேசுவார் இலர்.

கும்பினி ஆட்சியில் கணக்கின் திசை மாறியது. 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் கீழணையைக் கட்டினார். அங்கிருந்து வடவாற்றின் வழியாக வீராணத்துக்கு நீர் வரும் ஒழுங்கு நிலைபெற்றது. இது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் அணையின் பயன் நிலவரியில் அளக்கப்பட்டது. அக்கணக்கு கடலூரில் இருந்த கலெக்டருக்கும், அங்கிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து இலண்டனுக்கும் போயிற்று. ஊரார் கூடிச் செய்த குடிமராமத்து நலிந்தது. 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று கொண்டுவரப்பட்டது. மண்வெட்டி எடுக்கும் கடமை ஊராரிடம் நின்றது. வரவுசெலவு கேட்கும் உரிமை அவர்களிடம் வரவில்லை. ஏரியில் வண்டல் ஏறியது.

விடுதலைக்குப் பின் வந்த கதையை என் தலைமுறையினர் கண்ணாலேயே கண்டோம். சென்னையின் குடிநீர்ப் பஞ்சத்தைப் போக்க வீராணத்து நீரைக் குழாய் வழியே கொண்டு செல்லும் திட்டம் 1960களின் இறுதியில் உருவானது. பெரும் காங்கிரீட் குழாய்கள் செய்யப்பட்டன. திட்டம் முடங்கியது. 1976இல் மாநில அரசு கலைக்கப்பட்டபின் நடுவண் அரசு அமைத்த சர்க்காரியா ஆணையம் விசாரித்த குற்றச்சாட்டுகளுள் வீராணம் ஒப்பந்தமும் ஒன்று. ஆணையத்தின் அறிக்கை வெளிவந்தது. அதன்மேல் கட்சிகள் இன்றளவும் வாதிடுகின்றன. எவரும் நீதிமன்றத்தில் தண்டிக்கப்படவில்லை. குழாய்கள் மட்டும் சாலையோரம் கிடந்தன.

நான் நான்காம் வகுப்பில் படித்தபோது தந்தையாருடன் பேருந்தில் சென்னைக்குச் சென்றேன். வழியில் குழாய்கள் வரிசையாகக் கிடந்தன. ஒன்றின் வாயில் பழஞ்சேலை திரையாகத் தொங்கியது; உள்ளிருந்து அடுப்புப் புகை வந்தது. "அப்பா, இவங்க ஏன் இதுக்குள்ள இருக்காங்க?" என்றேன். "வீடு இல்லாதவங்க, அம்மா. இது வீராணம் குழாய்" என்றார். எங்கள் ஏரியின் பெயரைச் சுமந்த அக்குழாயில் எங்கள் ஏரியின் நீர் ஒரு சொட்டும் இல்லை என்பது பின்னாளில்தான் எனக்குப் புரிந்தது.

அந்த விசாரணை தேவையானதே. பொதுப்பணம் போன வழியைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அது விசாரித்தது ஒப்பந்தம் வழங்கப்பட்ட முறையை. ஏரியில் எவ்வளவு வண்டல் உள்ளது, கீழணைக்கு நீர் வராத ஆண்டில் யார் பங்கு குறையும், ஏறத்தாழ 45,000 ஏக்கர் ஆயக்கட்டுக்கு யார் பொறுப்பு என்பன அந்த வழக்கின் பொருளே அல்ல. ஆளுங்கட்சி எதிர்க்கட்சிக்கும், மாநிலம் நடுவண் அரசுக்கும் கணக்குச் சொல்லின. குமராட்சிக்கோ கீரப்பாளையத்துக்கோ யாரும் கணக்குச் சொல்ல வரவில்லை.

2003இன் கடும் வறட்சியை அடுத்துப் புதிய வீராணம் திட்டம் விரைந்து நிறைவேறி, 2004இல் நீர் சென்னையை அடைந்தது. தொலைவு 235 கிலோமீட்டர். நாளொன்றுக்குப் பதினெட்டுக் கோடி லிட்டர் என்பது திட்ட அளவு. தாகத்தால் தவித்த மாநகருக்கு அது உயிர்நீர். அதை மறுக்கும் கல்மனம் எனக்கில்லை. என் தங்கை அங்கேதான் குடியிருக்கிறாள். எனினும் அன்றுமுதல் ஏரிக்கு இரண்டு எசமானர்கள். ஒருவர் நாள்தோறும் நீர் கேட்பவர். மற்றவர் பருவந்தோறும் கேட்பவர். 2000இல் இயற்றப்பட்ட உழவர் பாசன மேலாண்மைச் சட்டம் ஆயக்கட்டுதாரர்க்குத் தேர்தலும் சங்கமும் தந்தது. குடவோலையின் எதிரொலியை அதில் சிலர் கேட்டனர். ஆனால் சென்னைக்கு எவ்வளவு, வயலுக்கு எவ்வளவு என்ற தீர்வு அந்தச் சங்கங்களின் கையில் வைக்கப்படவில்லை.

இந்த வட்டாரத்தின் நெடுநோக்குத் திட்டங்கள் பலவற்றுக்கும் இதே வரலாறுதான். 2017இல் கடலூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் 45 ஊர்களைப் பெட்ரோலிய இரசாயன முதலீட்டு மண்டலமாக அரசு அறிவித்தது. 2020இல் அந்த அறிவிப்பு கைவிடப்பட்டது. அதே ஆண்டு வந்த வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஒன்றியங்களைக் காப்பின்கீழ்க் கொண்டுவந்தது. இரசாயன மண்டலத்திலிருந்து நெல் மண்டலத்துக்கு மூன்றே ஆண்டுகள்! முடிவு நல்லதென்றே கருதுகிறேன். ஆனால் முதல் அறிவிப்பு எந்தக் கணக்கில் சரியாக இருந்தது, எந்தக் கணக்கில் பிழையானது? மூன்றாண்டுகள் கழித்து, 2023 சூலையில், சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் நெய்வேலிச் சுரங்கத்துக்காகப் பயிர் நின்ற வயலிலேயே இயந்திரங்கள் வாய்க்கால் வெட்டின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் கூற்று. கதிர் விடவிருந்த நெல்லுக்குச் சில வாரங்கள் தரலாகாதா என்பது ஊராரின் வினா.

சென்ற ஆண்டு மாணவர்களை உடையார்குடிக் கல்வெட்டைப் பார்க்க அழைத்துச் சென்றேன். திரும்பும் வழியில் லால்பேட்டையருகே ஏரிக்கரையில் நின்றோம். ஆயக்கட்டு ஊர் ஒன்றைச் சேர்ந்த மாணவன் அன்றைய நீர்மட்டத்தை ஒப்பித்தான். நாளிதழில் நாள்தோறும் வருகிறதாம். "முழுமட்டம் நாற்பத்தேழரை அடி, அம்மா" என்றான். கொள்ளளவு 1465 மில்லியன் கன அடி என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. அருகில் நின்ற மாணவி சற்று யோசித்துவிட்டு, "அது தண்ணியோட மேல்மட்டம் தானே? அடியில சேறு ஏறியிருந்தாலும் அதே நாற்பத்தேழரை தானே காட்டும்?" என்று கேட்டாள். அவனிடம் விடை இல்லை. பேருந்து வந்துவிட்டது, ஏறிக்கொண்டோம்.