கவட்டுக் குடலிறக்கமும் உடல் எடையும்: கெங்கவல்லிச் சுமைத் தொழிலாளரை முன்வைத்து

உடல் பருத்தவர்களுக்குத்தான் குடல் இறங்கும் என்ற எண்ணம் பரவலானது. அதற்கு ஒரு தருக்கமும் உண்டு. வயிற்றில் கொழுப்பு சேர்ந்தால் உள்ளழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் வயிற்றுச் சுவர் வலுவிழந்த இடத்தில் குடல் பிதுங்கும். தொப்புளில் வருவதற்கும் அறுவைத் தழும்பில் வருவதற்கும் இது பொருந்துகிறது. தொடை இடுக்கில் வரும் கவட்டுக் குடலிறக்கத்துக்கு மட்டும் பொருந்தவில்லை. உடலுழைப்பை நம்பி வாழும் கெங்கவல்லி வட்டம் போன்ற பகுதியில், இதை உணராவிட்டால் நோயாளிகள் பலர் கண்ணில் படாமலே போவார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் 47 முதல் 55 வயது வரையிலான 7,483 ஆண்களை 34 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2008இல் வெளியானது. 1,017 பேருக்குக் கவட்டுக் குடலிறக்கம் கண்டறியப்பட்டது. உடல் நிறைக் குறியீட்டெண் ஓர் அலகு, அதாவது ஏறத்தாழ மூன்று நான்கு கிலோ, கூடக்கூட நோய்வாய்ப்பு 4 சதவீதம் குறைந்தது. இயல்பான எடையுள்ளவர்களைவிடப் பருமனானவர்களுக்கு அது 43 சதவீதம் குறைவு. அமெரிக்க மக்கள்தொகையை வைத்து 2007இல் வெளியான ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது.

பருத்த உடலில் கொழுப்பு மூடிக்கொள்வதால் புடைப்பு கைக்குத் தட்டுப்படாமல் போயிருக்கும் என்பது முதல் மறுப்பு. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் நோய்வாய்ப்பு பருமனானவர்களிடம் மட்டும் திடீரென்று சரியவில்லை. எடை வரிசை நெடுகிலும் படிப்படியாகக் குறைகிறது. மறைக்கும் அளவுக்குக் கொழுப்பே இல்லாத மெலிந்தவருக்கும் நடுத்தர உடல்வாகினருக்கும் இடையிலான வேறுபாட்டை இந்த மறுப்பு விளக்காது. முப்பத்து நான்கு ஆண்டுகளில் பெரும்பாலான புடைப்புகள் தாமே வெளித்தெரியும் அளவுக்கு வளர்ந்தும் விடும்.

இரண்டாவது மறுப்பு வலுவானது: மெலிந்தவர்கள்தான் பாரம் தூக்குகிறார்கள், அப்படியானால் காரணம் எடையா, வேலையா? டென்மார்க்கில் ஆண் தொழிலாளர்களை வைத்து 2012இல் வெளியான ஆய்வு, நெடுநேரம் நிற்பதையும் நடப்பதையும், ஒரு நாளில் தூக்கும் மொத்தப் பாரத்தையும் பக்கவாட்டுக் குடலிறக்க அறுவையோடு தொடர்புபடுத்துகிறது. நடுப்புற வகையில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. பக்கவாட்டு வகைக்கு இடம்தரும், பிறவியிலேயே முழுதாக மூடாத வழி ஒன்று சிலருக்கு இருக்கிறது. பாரம் அதைத் திறந்துவிடுகிறது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. எடையையும் வேலையையும் முழுதாகப் பிரித்தெடுக்க முடியாமல் போகலாம். ஆனால் கெங்கவல்லியில் இரண்டும் ஒரே ஆளிடம் வந்து சேர்கின்றன. ஆகவே இந்த மறுப்பு என் வாதத்துக்கு வலுச் சேர்க்கவே செய்கிறது.

கெங்கவல்லி, தம்மம்பட்டி, ஆத்தூர் பக்கத்தில் குச்சிக்கிழங்கைப் பிடுங்கி, லாரியில் ஏற்றி, சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் இறக்குவது மனிதத் தோள்தான். சேலம் சந்தையில் ஜவ்வரிசிக்கு 90 கிலோ மூட்டைக் கணக்கில் விலை பேசுவது நெடுநாள் வழக்கம். வளர்ந்த ஆண் ஒருவர் கையால் சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1967ஆம் ஆண்டுப் பரிந்துரை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 34ஆம் பிரிவும் காயம் விளைவிக்கத்தக்க பாரத்தைத் தூக்கவைப்பதைத் தடுத்தது. சொந்த எடையே அறுபது கிலோவை எட்டாத ஒருவர் முதுகில் 90 கிலோ ஏறுவதை நாம் இயல்பென்று ஏற்றிருப்பது வேதனை தருகிறது.

தமிழ்நாட்டு ஆண்களில் 37 சதவீதத்தினர் கூடுதல் எடை உடையவர்கள் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் அவர்கள் எடை குறைப்பது அவசியம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தவறு எங்கே நேர்கிறது என்றால், ஒல்லியான லோடுமேன் அடிவயிற்றில் இழுக்கிறது என்று வரும்போது, ‘உங்களுக்குத் தொப்பையே இல்லையே’ என்று விட்டுவிடுவதில். மெலிந்த முதிய பெண்களிடமும் இதே கவனம் வேண்டும்: தொடைப் பகுதிக் குடலிறக்கம் அவர்களிடம் அறிகுறி காட்டாமல் இருந்து, குடல் நெரிபட்ட பிறகே அவசர அறுவைக்கு வருவதுண்டு.

குடலிறக்கத்தைக் கண்டறியப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. நோயாளியை நிற்கவைத்து, இருமச் சொல்லி, இரு பக்கத் தொடை இடுக்கையும் தொட்டுப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். 1982ஆம் ஆண்டுத் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் பதிவு செய்யும் சுமைத் தொழிலாளர்களுக்கு இந்தச் சோதனையை ஆண்டுக்கு ஒருமுறை செய்யலாம். அதோடு, சேகோ மூட்டையை 50 கிலோவாகக் கட்டவும் வேண்டும்.