பாசறையில் டி.என்.ஏ. சில்லு: கண்டறிதலுக்கும் முடிவுக்கும் இடையே

அமெரிக்க விமானப்படையில் சேரும் புதியவர்கள் அடிப்படைப் பயிற்சி பெறும் இடம் டெக்சாஸ் மாநிலத்தின் லாக்லண்ட் தளம். நாட்டின் மூலைமுடுக்குகளிலிருந்து வரும் இளைஞர்கள் ஒரே கூடத்தில் உறங்கி, ஒரே பந்தியில் உண்டு, தூக்கமும் ஓய்வும் குறைந்து வாரக்கணக்கில் அங்கே நெருங்கி வாழ்கிறார்கள். சுவாச நோய்க்கிருமிக்கு இதைவிட வாய்ப்பான இடம் அமைவது அரிது. 2000-களின் தொடக்கத்தில் விமானப்படையின் மருத்துவத் தலைமை, கொள்ளைநோய்க் கண்காணிப்புத் திட்டமொன்றை வகுத்து, கடற்படை ஆய்வகத்தோடு இணைந்து டி.என்.ஏ. நுண்வரிசைச் சில்லைச் சோதித்தது இந்தச் சூழலில்தான். தொழில்நுட்ப அளவில் அம்முயற்சி வென்றது. ஆயினும் அன்றைய பாசறையின் முதன்மைச் சிக்கல் கண்டறிதலில் இல்லை என்பது என் வாதம்.

சில்லின் அடிப்படை எளிது. ஓரிழை டி.என்.ஏ., தனக்கு இணையான இழையைச் சந்தித்தால் பற்றிக்கொள்ளும். கண்ணாடிப் பரப்பில் ஆயிரக்கணக்கான சிறு இழைகளைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பதித்து, நோயாளியின் சளியிலிருந்து பெருக்கியெடுத்த மரபுப்பொருளில் ஒளிரும் சாயமேற்றி அதன்மீது பரப்பினால், எந்தப் புள்ளிகள் ஒளிர்கின்றன என்பதிலிருந்து கிருமியை அறியலாம். 1995-இல் ஸ்டான்ஃபோர்டில் பேட்ரிக் பிரவுன் குழு ஒரு செடியின் 45 மரபணுக்களை வைத்து வெளியிட்ட முறை, எட்டே ஆண்டுகளில் கொள்ளைநோய்க் களத்துக்கு வந்துவிட்டது. 2003 மார்ச்சில் சார்ஸ் கிருமியின் மாதிரி கலிஃபோர்னியாவில் ஜோசப் டிரைசியின் ஆய்வகத்தை எட்டியபோது, அங்கிருந்த ‘வைரோசிப்’ ஒரு நாளுக்குள் கொரோனா வைரஸ் குடும்பத்தைச் சுட்டியது. ஒளிர்ந்த புள்ளியில் ஒட்டியிருந்த டி.என்.ஏ.வைச் சுரண்டியெடுத்து, அதன் வரிசையைப் படித்தார்கள்.

இந்த வெற்றியைப் படைத்துறைச் சில்லின் கணக்கில் எழுதுவது பொருந்தாது. வைரோசிப்பின் இழைகள் 70 காரங்கள் (மரபுவரிசையின் எழுத்துகள்) நீளமுள்ளவை. நீண்ட இழை சில பிசகுகளைப் பொறுத்துக்கொண்டு பிணையும்; அதனால் இதுவரை காணாத கிருமியின் உறவுமுறையையும் காட்டித்தரும். கடற்படை ஆய்வகம் அஃபிமெட்ரிக்ஸ் நிறுவனத்தின் சில்லில் அமைத்த சுவாசக் கிருமிவரிசை நேர்மாறானது. அதன் இழைகள் 25 காரங்களே கொண்டவை. கிருமியின் ஒவ்வோர் எழுத்துக்கும் எட்டு இழைகள்: இரு திசைக்கும் நான்கு நான்கு, நடு எழுத்து மட்டும் மாறுபட்டு. ஓரெழுத்து பிசகினாலே பிணைப்பு தளர்ந்துவிடும். எனவே இச்சில்லு கிருமியின் பெயரைச் சொல்வதோடு, அதன் வரிசையையும் வாசித்துத் தருகிறது. ஒரே வகைக்குள் உள்ள திரிபுகளைப் பிரித்தறிய முடிகிறது. ஆனால், மாதிரியை முதலில் பி.சி.ஆர். முறையில் பெருக்கியாக வேண்டும். அந்தக் கட்டத்தில் எந்தக் கிருமிக்குத் தொடக்க இழை சேர்க்கப்படவில்லையோ, அது பெரும்பாலும் சில்லை எட்டுவதே இல்லை. “பல கிருமிகளை ஒரே சோதனையில்” என்று பெருமிதத்தோடு பேசுவோர் இந்த வரம்பை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறார்கள்.

இனி லாக்லண்டின் நோய்க்கு வருவோம். அது புதிரான நோயே அன்று. மாரிஸ் ஹில்மேன் 1950-களிலேயே மிசூரியின் ஃபோர்ட் லெனர்ட் வுட் பயிற்சி வீரர்களிடமிருந்து அடினோவைரஸைப் பிரித்தெடுத்திருந்தார். அதன் 4, 7 ஆகிய வகைகளுக்கு எதிரான மாத்திரை வடிவத் தடுப்பு மருந்து 1971 முதல் பயிற்சித் தளங்களில் புழங்கியது. தயாரித்த ஒரே நிறுவனம் 1996-இல் உற்பத்தியை நிறுத்தியது. 1999-இல் கையிருப்பு தீர்ந்தது. காய்ச்சல் அலைகள் திரும்பின. 1999-க்கும் 2010-க்கும் இடையே அடினோவைரஸோடு தொடர்புடைய 8 படைவீரர் இறப்புகள் பதிவாயின. 2007-இல் லாக்லண்டிலேயே 14-ஆம் வகை பரவி ஒரு பயிற்சி வீரர் இறந்தார். நுண்வரிசை ஆய்வு செழித்த ஆண்டுகளும், தடுப்பு மருந்து இல்லாத ஆண்டுகளும் ஏறத்தாழ ஒன்றே. அறிவியல் உலகின் மிக நுட்பமான கருவிகளுள் ஒன்று, கொள்முதல் அலட்சியத்தின் விளைவை எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தது.

புதிய கிருமியோ உயிரியல் தாக்குதலோ வந்தால் விரைந்த கண்டறிதல்தானே காக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1976-இல் நியூ ஜெர்சியின் ஃபோர்ட் டிக்ஸ் பாசறையில் பன்றிக் காய்ச்சல் வைரஸ் சில நாட்களிலேயே அடையாளம் காணப்பட்டது. வைரஸ் பாசறையைத் தாண்டிப் பரவவில்லை. அவசரமாக அறிவிக்கப்பட்ட நாடளாவிய திட்டத்திலோ 4 கோடிக்கும் மேற்பட்டோர் தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். கில்லன்-பார்ரே வாத நோய் கூடுதலாகத் தென்பட, டிசம்பரில் திட்டம் நின்றது. கண்டறிந்தவர்கள் தவறவில்லை, கண்டதற்கு எவ்வளவு எடை தருவது என்பதற்கு வரையறை இல்லாமல் போயிற்று.

2009-இன் படிப்பினை இதன் மறுபக்கம். அவ்வாண்டு உலகைச் சுற்றிய எச்1என்1 வைரஸின் முதல் இரு அமெரிக்க நோயாளிகள் தெற்குக் கலிஃபோர்னியக் குழந்தைகள். ஒரு குழந்தையின் மாதிரி சோதனை நிலையிலிருந்த ஒரு கருவிக்கும், மற்றதன் மாதிரி சான் டியேகோவின் கடற்படை நலவாழ்வு ஆய்வு மையத்துக்கும் சென்றன. இரண்டிலும் வந்த விடை: இன்ஃப்ளூயன்சா ஏ, ஆனால் அறிந்த துணைவகை எதுவுமில்லை. அந்தப் பொருந்தாமைதான் மாதிரிகளை நோய்க் கட்டுப்பாட்டு மையம்வரை கொண்டுசேர்த்தது. எழுத்தளவில் வாசிக்கும் சில்லின் உண்மையான மதிப்பும் இங்கேதான் இருக்கிறது. வரிசையில் வாசிக்க இயலாத இடைவெளிகளைப் பிழையாகக் கருதி ஒதுக்காமல், மேலனுப்ப வேண்டிய செய்தியாகக் கையாளும் நடைமுறை வேண்டும்.

நுண்வரிசையின் காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது. படை மருத்துவமனைகளுக்குப் பி.சி.ஆர். சோதனைக் கருவிகள் சென்றன, ஆய்வகங்களில் அதிவேக வரிசையறிதல் அதன் இடத்தைப் பிடித்தது, 2016-இல் அஃபிமெட்ரிக்ஸ் வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போனது. லாக்லண்ட் ஆய்வின் ஒரு கிளை மட்டும் இன்னும் உயிர்ப்போடு இருக்கிறது: கிருமியை விட்டுவிட்டு, நோயுற்றவரின் இரத்தத்தில் மரபணுக்கள் காட்டும் எதிர்வினையைப் படிப்பது. அறியாத கிருமிக்கு எதிராகவும் அது பயன்படக்கூடும் என்பதால் அதையே முதன்மையாகக் கருதுகிறேன்.

2011-இல் தடுப்பு மருந்து திரும்பியபின் பயிற்சி வீரர்களிடையே அடினோவைரஸ் நோய் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகச் சுருங்கியது. கண்காணிப்புக் கருவிகளை மதிப்பிடுவோர், எத்தனை கிருமிகளைக் காணும் என்ற எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இன்னொன்றையும் வெளியிட வேண்டும்: ஆய்வக அறிக்கை தளபதியின் மேசையை அடைந்த நாளுக்கும், அதன்மீது நடவடிக்கை தொடங்கிய நாளுக்கும் இடைப்பட்ட காலம்.