தசையை முடக்கும் நஞ்சு மூளையைத் தீண்டாதா? கல்யாண முருங்கை தரும் மறுப்பு

தசையை முடக்கும் தாவர நஞ்சுகள் மைய நரம்பு மண்டலத்தைத் தீண்டுவதில்லை என்ற கருத்து குராரே என்ற அம்பு நஞ்சிலிருந்து பிறந்தது. அமெரிக்காவின் ஸ்காட் ஸ்மித் என்ற மருத்துவர் அதிலுள்ள டியூபோகுராரினைத் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டு சோதித்தார். முடிவுகள் 1947இல் வெளியாயின. மூச்சுத் தசைகள் உட்பட எல்லாம் ஓய்ந்து, செயற்கைச் சுவாசத்தில் கிடந்த அவருக்கு நினைவு மங்கவில்லை; வலியும் குறையவில்லை. குராரேயை மயக்க மருந்தாகக் கருதியவர்களுக்கு இது கடுமையான எச்சரிக்கை.

இச்சோதனை குராரேயைப் பற்றியது மட்டுமே. டியூபோகுராரினில் நிலையான நேர்மின்னேற்றம் கொண்ட நான்கிணைய நைட்ரஜன் இருப்பதால் இரத்த-மூளைத் தடுப்பை அது எளிதில் கடப்பதில்லை. குடலும் அதை அரிதாகவே உறிஞ்சும். குராரே தோய்த்த அம்பால் வீழ்த்திய விலங்கின் இறைச்சியைத் தென் அமெரிக்கப் பழங்குடியினர் அச்சமின்றி உண்டது அதனால்தான். அதையே பூனையின் மூளை அறைகளில் நேரடியாகச் செலுத்தியபோது வலிப்பு வந்தது. ஆக, மூளையைக் காப்பது இடையிலுள்ள தடுப்பு, நஞ்சின் இயல்பன்று.

குராரே தரும் செடிகள் சிலவற்றின் பேரினத்தைச் சேர்ந்ததே நம் எட்டி மரம். அதன் ஸ்ட்ரிக்னினில் நான்கிணைய நைட்ரஜன் இல்லை. அது தண்டுவடத்தை எட்டி, கிளைசின் ஏற்பிகளை அடைத்து, உடலை வில்லாக வளைக்கிறது.

இன்னும் வலுவான மறுப்பு கல்யாண முருங்கை. தெற்கு அந்தமானின் கடலோரக் காடுகளுக்கு இது சொந்த மரம். இதன் விதைகள் கடல்நீரில் மிதந்தே கரை சேர்பவை. இம்மரத்தின் பேரினத்து ஆல்கலாய்டுகளில் பெரும்பாலானவை மூவிணைய நைட்ரஜன் கொண்டவை. அமெரிக்க இனங்களிலிருந்து பிரித்த எரித்ராய்டின் குராரேயைப் போலத் தசையை முடக்குகிறது, வாய்வழி கொடுத்தாலும் வேலை செய்கிறது. நம் மரத்தை ஆராய்ந்த காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் சிபநாத் கோசல் குழுவினர், அதன் ஆல்கலாய்டுகளில் நரம்பு-தசைத் தடையோடு மைய நரம்பு மண்டலத் தளர்ச்சியையும் வலிப்பு அடக்கும் தன்மையையும் 1970களின் தொடக்கத்தில் பதிவுசெய்தனர்.

மூச்சுத் தசை தளர்ந்ததால் ஆக்சிஜன் குறைந்து மூளை சோர்ந்திருக்கலாமே என்பது நியாயமான ஐயம். ஆனால் எரித்ராய்டினின் வழிப்பொருளான டைஹைட்ரோ-பீட்டா-எரித்ராய்டின், தசையிலுள்ள நிக்கோட்டினிக் ஏற்பிகளைவிட மூளையின் ஆல்ஃபா4-பீட்டா2 வகையையே இறுகப் பற்றுகிறது. மூளை ஏற்பிகளை அடையாளம் காண ஆய்வகங்கள் அதைக் கருவியாகவே பயன்படுத்துகின்றன. மூச்சடைப்பை மட்டும் காட்டி இதை விளக்கிவிட முடியாது.

(சளிக்கு அடையாகச் சுட்டுத் தரும் இலையைப் பற்றி இங்கே பேச்சில்லை, விதையும் பட்டையும்தான் பொருள்.)

சிகிச்சையில் இந்த வேறுபாடு முக்கியமானது. நான்கிணைய நஞ்சால் முடங்கியவருக்கு எல்லாம் கேட்கும், வலிக்கும். மூச்சுக்கருவியோடு மயக்கமும் வலிநீக்கியும் தர வேண்டும். மூவிணைய நஞ்சு உட்கொண்டவருக்கு உணர்வும் சேர்ந்து மங்கக்கூடும். நச்சியல் ஆசிரியர்கள் இவ்விரண்டையும் ஒரே விதிக்குள் அடைக்காமல் தனித்தனியாகக் கற்பிக்க வேண்டும்.